ஒற்றைக் கண் வைத்தியர் டெனிஸ் பேர்க்கிற்



பெருங்குடலில் புற்றுநோய் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது பெரும்பாலும் ஒரே வகைதான். குடலின் உட்புறத்தை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் தொடங்கி, நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல வளரும் வகை அது. ஆனால் அதே பெருங்குடலில் வேறொரு புற்றும் அரிதாகத் தோன்றுவதுண்டு. பெருங்குடற் புற்றுகள் நூறு எண்ணினால் இது ஒன்றுகூடத் தேறாது. குடற்சுவரில் நிணநீர்க் கலங்கள் காவலாளிகளைப் போலக் குடியிருக்கின்றன. கிருமிகளை எதிர்க்கவென்று இறைவன் வைத்த அக்காவலாளிகளே கட்டுமீறிப் பெருகினால், அதுவே நிணநீர்ப் புற்று. வைத்தியர்கள் அதனை லிம்போமா என்பார்கள். அந்த லிம்போமாக்களில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் மிக வேகமாக வளர்வதற்கு ஒரு மனிதரின் பெயர் இடப்பட்டிருக்கிறது. அதுதான் பேர்க்கிற் லிம்போமா.

அந்த மனிதரைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறோம். அவர் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் அல்லர். நுணுக்குக்காட்டியின் முன் வாழ்நாளைக் கழித்தவரும் அல்லர். ஆபிரிக்காவில் ஏழைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்துவந்த ஒரு சாதாரண அரசாங்க வைத்தியர். அவருக்கு இருந்தது ஒரு கண் மாத்திரமே. அந்த ஒரு கண்ணால் அவர் கண்டதை, இரு கண்ணும் உள்ள பலர் ஆண்டாண்டாகப் பார்த்தும் காணாதிருந்தார்கள்.

பறவை பார்த்த தந்தை

வட அயர்லாந்தில், பெர்மானா மாவட்டத்தில், ஏரிகள் சூழ்ந்த என்னிஸ்கிலன் என்னும் ஊரில் 1911 பெப்ரவரி 28 ஆம் திகதி டெனிஸ் பார்சன்ஸ் பேர்க்கிற் பிறந்தார். குடும்பம் புரட்டஸ்தாந்து குடும்பம். தந்தையார் ஜேம்ஸ் பேர்க்கிற் அம்மாவட்டத்தின் நில அளவையாளராகவும் பொறியியலாளராகவும் கடமையாற்றியவர்.

தந்தையாரைப் பற்றி ஒரு செய்தியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்த நேரங்களில் அவர் தமது தோட்டத்துக்கு வரும் ரொபின் குருவிகளைப் பிடித்து, கால்களில் உலோக வளையங்களை இட்டுப் பறக்க விடுவார். அவருக்கு நிறங்களைப் பிரித்தறியும் பார்வை இல்லை. ஆகையால் வளையத்தின் உருவத்தை வைத்தே ஒவ்வொரு குருவியையும் அடையாளம் காண்பார். எந்தக் குருவி எங்கே வாழ்கிறது, அதன் எல்லை எது என்று ஒரு படத்தில் குறித்து வைப்பார். 1920 களில் அவர் வெளியிட்ட இக்குறிப்புகளைப் பறவையியலார் இன்றும் மதிக்கிறார்கள். படத்தில் இடங்களைக் குறித்து உண்மையைத் தேடும் இந்தப் பழக்கம், நாற்பது ஆண்டுகளின் பின் மகனிடத்தில் வேறொரு விதமாகப் பலன் கொடுத்தது.

சிறுவன் டெனிசுக்குப் பதினொரு வயதாயிருக்கும்போது பாடசாலைப் பிள்ளைகளிடையே ஒரு கல்லெறிச் சண்டை நடந்தது. பறந்து வந்த கல்லொன்று அவன் அணிந்திருந்த கண்ணாடியை உடைத்தது. உடைந்த சில்லுகள் வலக் கண்ணுள் பாய்ந்தன. அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பெற்றோராகிய நீங்கள் அந்தத் தாய் தந்தையரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் எதிர்காலம் இருண்டுவிட்டது என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

1929 இல் அவர் டப்ளின் நகரிலுள்ள திரித்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். முதலிற் படிக்கத் தொடங்கியது தந்தையின் தொழிலாகிய பொறியியலை. அங்கே மாணவர் சிலர் ஓர் அறையிற் கூடிச் செபித்து, வேதாகமம் வாசித்து வந்தார்கள். அக்கூட்டத்திற் கலந்துகொண்ட இளைஞர் டெனிஸ், தம் வாழ்வு தமக்குரியதன்று, ஆண்டவருக்குரியது என்ற முடிவுக்கு வந்தார். அதன் பலனாகப் பொறியியலை விட்டு வைத்தியத்துக்கு மாறினார். 1935 இல் வைத்தியப் பட்டமும், 1938 இல் எடின்பரோவில் சத்திரவைத்திய உயர் பட்டமும் பெற்றார்.

மூடப்பட்ட கதவு

சத்திரவைத்தியருக்கு ஒரு கண் போதுமா? ஆழத்தை அளந்து கத்தி வைக்க இரு கண்ணும் வேண்டாமா? இந்தக் கேள்வி அவர் சென்ற இடமெல்லாம் கூடவே சென்றது. சிறிது காலம் கப்பல் வைத்தியராகத் தூரகிழக்குக்குப் போய்வந்த அவர், அப்பயணத்தின்போது தேறுதலாகத் தீர்மானித்தார்: வைத்தியர் குறைந்த நாடொன்றிலேயே தம் தொழிலைச் செய்வது. ஆனால் மேற்கு ஆபிரிக்காவிற் பணிபுரிய அவர் அனுப்பிய விண்ணப்பத்தைக் குடியேற்றநாட்டு வைத்திய சேவை நிராகரித்தது. காரணம் அந்த இல்லாத கண்.

கதவு மூடப்பட்டபோது அவர் இறைவனோடு வழக்காடவில்லை. காத்திருந்தார். 1941 இல் இராணுவ வைத்தியப் படையில் இடம் கிடைத்தது. 1943 இல் ஒலிவ் றொஜர்ஸ் என்னும் தாதியை மணந்தார். போர்க்காலத்திற் கிழக்கு ஆபிரிக்காவிற் கடமையாற்றக் கிடைத்த வாய்ப்பு அவருக்கு அந்த மண்ணைக் காட்டியது. போர் முடிந்த பின், 1946 இல், உகண்டாவில் வேலை கிடைத்தது. முன்பு கண்ணைக் காரணம் காட்டி மறுத்த சேவையே இப்போது அவரை ஏற்றுக்கொண்டது. மேற்கு ஆபிரிக்காவுக்கு அன்று போயிருந்தால் அவரது வாழ்க்கை எப்படிப் போயிருக்குமோ நாமறியோம். பிற்காலத்தில் அவரே அந்த மறுப்பை இறைவனின் வழிநடத்தலாக எண்ணி நன்றி கூறினார்.

முதலில் அவர் சென்றது வடக்கே லீரா என்னும் சிற்றூருக்கு. அங்கே ஆண்களுக்கு வரும் ஓதம் என்ற வீக்கத்துக்குப் பலருக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. சிகிச்சை செய்து அனுப்பிவிட்டு அடுத்தவரை அழைப்பதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொருவரும் எந்தக் கிராமத்திலிருந்து வந்தார் என்று விசாரித்தார். மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இந்நோய் மலிந்திருப்பதையும், மேற்குப் பகுதியில் அரிதாக இருப்பதையும் கண்டார். நுளம்பினாற் பரவும் ஒரு நுண்புழுவே இவ்வேறுபாட்டின் காரணம். நோயாளியை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பது எவ்வளவு பயனுள்ள கேள்வி என்பதை அவர் அங்கேதான் கற்றார். சிறிது காலத்தில் தலைநகர் கம்பாலாவின் முலாகோ வைத்தியசாலைக்கு மாற்றப்பட்டார்.

இரண்டு பிள்ளைகள்

1957 இல் ஒரு நாள் முலாகோவின் பிள்ளைகள் வாட்டிலிருந்து டாக்டர் ஹியூ ட்ரோவல் அவருக்கு ஆள் அனுப்பினார். ஐந்து வயதுப் பையன் ஒருவனின் முகம் கோரமாக வீங்கியிருந்தது. மேல்தாடை, கீழ்த்தாடை, இடம், வலம் என நான்கு பக்கத்திலும் கட்டி. பற்கள் ஆடிக் கழன்று போயிருந்தன. கிருமித் தொற்று என்றால் நான்கு மூலையிலும் ஒரே நேரத்தில் வராது. புற்று என்றாலும் அப்படி வருவதாக எவரும் படித்ததில்லை. பேர்க்கிற்றுக்கு விளங்கவில்லை. படம் எடுத்து வைத்துக்கொண்டார்.

சில வாரங்களின் பின் ஜிஞ்சா என்ற ஊரின் வைத்தியசாலைக்குப் போயிருந்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தற்செயலாக யன்னலால் வெளியே நோக்கினார். புற்றரையில் ஒரு தாயும் பிள்ளையும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைக்கும் அதே முகம்! வெளியே ஓடிச்சென்று பார்த்தார். தாடைகளிற் கட்டி. வயிற்றைத் தடவிப் பார்த்தார். அங்கும் கட்டி. ஒரு முறை கண்டால் அது ஒரு வேடிக்கை நோயாக இருக்கலாம். இரண்டாம் முறையும் கண்டால் அது ஒரு நோயின் ஒழுங்கு அல்லவா? தாயையும் பிள்ளையையும் தம்மோடு கம்பாலாவுக்கு அழைத்து வந்தார்.

அதன்பின் முலாகோவின் பழைய பதிவேடுகளைப் புரட்டத் தொடங்கினார். அங்கே இருந்த குறிப்புகள் அவரைத் திடுக்கிட வைத்தன. பிள்ளைகளுக்குத் தாடையிற் கட்டி என்று ஒரு பக்கம். வயிற்றிற் கட்டி என்று இன்னொரு பக்கம். சிறுநீரகத்திற் கட்டி, கண்ணருகிற் கட்டி, முள்ளந்தண்டிற் கட்டி என்று வேறு பக்கங்கள். வெவ்வேறு வைத்தியர்கள் வெவ்வேறு பெயர் இட்டிருந்தார்கள். ஆனால் தாடையிற் கட்டியுள்ள பிள்ளையின் வயிற்றிலும் கட்டி இருந்தது. பெயர்கள் பல, நோய் ஒன்று.

வாசகர்களே, இவ்விடத்திற் சற்று நில்லுங்கள். அந்தப் பிள்ளைகளைப் பேர்க்கிற்றுக்கு முன்னும் வைத்தியர்கள் பார்த்தார்கள். அவர்கள் கெட்டிக்காரர்கள்தாம். ஆனால் ஒருவர் தாடையைப் பார்த்தார், ஒருவர் வயிற்றைப் பார்த்தார். முழுப் பிள்ளையையும் பார்த்தவர் இவர். அயலானை நேசிப்பது என்றால் அவனை முழுமையாகப் பார்ப்பதிலேதான் அது தொடங்குகிறது.

1958 இல் தமது கண்டுபிடிப்பை ஒரு பிரித்தானிய சத்திரவைத்திய சஞ்சிகையில் எழுதினார். ஏறக்குறைய எவரும் கவனிக்கவில்லை. முலாகோவின் நோய்க்கூற்று வைத்தியர் ஒக்கோனர், இக்கட்டிகள் நிணநீர்க் கலங்களிலிருந்து வருபவை, அதாவது லிம்போமா என்று பின்னர் நிறுவினார்.

இருபத்தைந்து பவுணும் ஒரு பழைய காரும்

இந்நோய் எங்கெங்கே உண்டு? அதை அறியப் பேர்க்கிற்றுக்குக் கிடைத்த முதல் உதவிப்பணம் எவ்வளவு தெரியுமா? 25 பவுண். பெரிய ஆராய்ச்சிக்கு இது எம்மட்டு என்று அவர் கேட்கவில்லை. ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டுவந்த சிறுவனைப் போல, உள்ளதை வைத்துத் தொடங்கினார். நோயுற்ற பிள்ளைகளின் படத்தை ஆயிரத்துக்கு மேற்பட்ட துண்டுப்பிரசுரங்களாக அச்சிட்டு, ஆபிரிக்கா எங்குமுள்ள அரசாங்க வைத்தியசாலைகளுக்கும் மிசன் வைத்தியசாலைகளுக்கும் அனுப்பினார். இப்படியான பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா என்ற ஒரே கேள்விதான். மறுமொழி வரவர, சுவரில் மாட்டிய ஆபிரிக்க வரைபடத்தில் ஊசி குத்தினார். குருவிகளைக் குறித்த தந்தையின் மகன் அல்லவா!

ஊசிகள் சேரச் சேர, கண்டத்தின் நடுவே ஒரு பட்டி தெரிந்தது. பூமத்தியரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் பரந்த அப்பட்டிக்குக் கிழக்குக் கரையோரமாகத் தெற்கு நோக்கி ஒரு வாலும் இருந்தது. அதன் எல்லை எங்கே முடிகிறது, ஏன் முடிகிறது என்பதைக் கண்ணால் பார்க்கத் தீர்மானித்தார்.

1961 ஒக்டோபர் 7 ஆம் திகதி, 250 பவுணுக்கு வாங்கிய பழைய போர்ட் வாகனம் ஒன்றில், டெட் வில்லியம்ஸ், கிளிப் நெல்சன் என்னும் இரு மிசன் வைத்திய நண்பர்களோடு கம்பாலாவிலிருந்து புறப்பட்டார். பத்து வாரங்கள், 10,000 மைல். தங்கனிக்கா, நியாசலாந்து, றொடீசியாக்கள், மொசாம்பிக், தென்னாபிரிக்கா, சுவாசிலாந்து எனச் சென்று, ஏறத்தாழ அறுபது வைத்தியசாலைகளில் வைத்தியர்களோடும் தாதிகளோடும் பேசினார். வாகனம் பழுதானால் திருத்துவதும் அவர்கள் கையாலேதான். முழுப் பயணத்துக்கும் ஆன செலவு 678 பவுண்.

அவர்கள் கண்டது இதுதான். பூமத்தியரேகைக்கு அண்மையில் 5,000 அடிக்கு மேலான மலைநாட்டில் இந்நோய் இல்லை. தெற்கே போகப் போக அந்த உயர எல்லை தாழ்ந்துகொண்டே வந்து, சுவாசிலாந்தில் 1,000 அடியாயிற்று. அப்படியானால் உயரம் அல்ல, குளிர்தான் நோயைத் தடுக்கிறது. மழை மிகக் குறைந்த இடத்திலும் நோய் இல்லை. வெப்பமும் மழையும் வேண்டும் என்றால் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? நுளம்பு அல்லவா? நுளம்பு வாழும் இடமே இந்தப் புற்று வாழும் இடம். மலேரியா ஒழிப்பு நடந்த சன்சிபார் தீவிலோ இது காணப்படவில்லை.

மூடுபனியிற் சிக்கிய பொதி

அந்தப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, 1961 மார்ச் 22 ஆம் திகதி, விடுமுறையில் இலண்டனுக்குச் சென்றிருந்த பேர்க்கிற் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேட்க வந்தவர்களுள் அன்ரனி எப்ஸ்ரைன் என்னும் இளம் ஆராய்ச்சியாளரும் ஒருவர். கோழிகளிற் புற்றை உண்டாக்கும் வைரசுக் கிருமிகளை ஆராய்ந்துவந்தவர் அவர். வெப்பத்தையும் மழையையும் சார்ந்து ஒரு புற்று வருமானால் அதன் பின்னால் ஒரு கிருமி இருக்க வேண்டும் என்று அவருக்கு உடனே தோன்றிற்று. இருவரும் கைகோத்தார்கள். கம்பாலாவிற் பிள்ளைகளிடமிருந்து எடுத்த கட்டித் துண்டுகள் விமான மூலம் இலண்டனுக்குச் செல்லத் தொடங்கின.

இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசெம்பரில் ஒரு பொதியைக் கொண்டுவந்த விமானம் மூடுபனியால் இலண்டனில் இறங்க முடியாமல் மன்செஸ்டருக்குத் திருப்பப்பட்டது. பொதி தாமதமாகக் கிடைத்தபோது அதனுள் இருந்த திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று எறிந்திருக்கலாம். எறியாமல் பார்த்தார்கள். கலக்கத்துக்குக் காரணம் கட்டியிலிருந்து பிரிந்து உயிரோடு மிதந்த புற்றுக் கலங்கள்! அவற்றை வளர்க்க முடிந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அவற்றுள் ஒரு புதிய வைரஸ் தெரிந்தது. 1964 மார்ச்சில் எப்ஸ்ரைன், அச்சொங், இவோன் பார் மூவரும் அதனை உலகுக்கு அறிவித்தார்கள். மனிதருக்குப் புற்று உண்டாவதோடு தொடர்புள்ளதாகக் காணப்பட்ட முதல் வைரஸ் அது. எப்ஸ்ரைன்-பார் வைரஸ் என்பது அதன் பெயர்.

இந்த வைரசை நுளம்பு காவுவதில்லை என்பது பின்னர் தெரியவந்தது. அது உமிழ்நீராற் பரவுவது. உலகில் வளர்ந்தவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அதை உடலிற் சுமக்கிறார்கள், உங்களிலும் எங்களிலும் பலர் உட்பட. பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கும் பிள்ளையின் உடலில் காவல் தளர்கிறது, நிணநீர்க் கலங்கள் ஓயாமற் பெருகத் தூண்டப்படுகின்றன. அப்பெருக்கத்தில் ஒரு கலத்தின் நிறமூர்த்தம் முறிந்து இடம்மாறிப் பொருந்தினால், வளர்ச்சியை அடக்கும் கடிவாளம் அறுந்துவிடுகிறது. நுளம்பு வைரசைக் காவவில்லை, மலேரியாவைக் காவியது. பேர்க்கிற்றின் ஊசிகள் சொன்னதில் பிழையில்லை.

கத்தியை வைத்துவிட்ட சத்திரவைத்தியர்

இந்தக் கட்டி ஓரிரு நாட்களிலேயே இரட்டிக்கக் கூடியது. தாடையை வெட்டியெடுத்தும் பிள்ளைகள் இறந்தார்கள். உகண்டாவிற் கதிர்ச் சிகிச்சைக்கு வசதியும் இருக்கவில்லை. ஒரு சத்திரவைத்தியர் தம் கத்தியாற் பயனில்லை என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. பேர்க்கிற் ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர்கள் கொடுத்துதவிய புதிய மருந்துகளை 1960 களின் தொடக்கத்தில் சிறு அளவுகளிற் கொடுத்துப் பார்த்தார். கண்ணை மறைத்து வீங்கியிருந்த முகங்கள் சில நாட்களிலே வற்றின. சில பிள்ளைகளுக்கு ஓரிரு தடவை கொடுத்ததோடு நோய் மீளவேயில்லை. பலருக்கு மீண்டு வந்தது, அவர்கள் இறந்தார்கள். ஆயினும் மருந்து மாத்திரத்தாலேயே புற்று குணமாகக்கூடும் என்ற நம்பிக்கை உலகெங்கும் உறுதிபெற்றதற்கு முலாகோவின் ஏழைப் பிள்ளைகளும் ஒரு காரணம்.

வயிற்றில் வரும்போது

ஆபிரிக்காவுக்கு வெளியே இதே நோய் அரிது. அங்கெல்லாம் இது தாடையை விட்டு வயிற்றிலேயே பெரும்பாலும் தொடங்குகிறது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் ஆரம்பிக்கும் இடம், அதாவது வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதி, அதற்கு முக்கியமான இடம். நிணநீர்க் கலங்கள் அங்கே செறிந்திருக்கின்றன. பிள்ளைகளிற் குடல் ஒன்றினுள் ஒன்று சொருகி அடைபட்டு, வயிற்று வலியாக இது வெளிப்படுவதுண்டு. சில வேளைகளிற் குடல்வால் அழற்சி என்றே முதலில் எண்ணப்படும். வளர்ந்தவர்களின் பெருங்குடலில் லிம்போமா வந்தால் அது பெரும்பாலும் வேறு வகையாகவே இருக்கும். ஆனால் பேர்க்கிற் வகையும் வருவதுண்டு, விசேடமாக எச்.ஐ.வி. கிருமியினால் எதிர்ப்புச்சக்தி குன்றியவர்களுக்கு.

பெற்றோர்களே, உங்களைப் பயமுறுத்த இதனைச் சொல்லவில்லை. வயிற்று வலி எல்லாம் புற்றல்ல. ஆனால் வலி விடாது தொடர்ந்தால், வயிற்றிற் கட்டி தட்டுப்பட்டால், மலத்தோடு இரத்தம் போனால், உடல் காரணமின்றி மெலிந்தால், மலம் கழிக்கும் வழக்கம் மாறி நீடித்தால், கைமருந்தோடும் நேர்த்திக்கடனோடும் நாட்களைக் கடத்தாதீர்கள். நேர்த்தி வையுங்கள், வைத்தியரிடமும் செல்லுங்கள். வைத்தியரின் கையாலும் இறைவன் குணமளிக்கிறார். சாதாரண பெருங்குடற் புற்றுக்குச் சத்திரசிகிச்சையே முதன்மையானது. இந்த நிணநீர்ப் புற்றுக்கோ மருந்துதான் முதன்மையானது. குடல் அடைபட்டாலோ துளைபட்டாலோ வெட்ட வேண்டி வரும். எந்த வகை என்று சதைத் துண்டைப் பரிசோதித்துத்தான் அறியலாம். வேகமாக வளரும் கட்டி மருந்துக்கும் வேகமாகக் கரையும். வசதியுள்ள நாடுகளில் இந்நோயுற்ற பிள்ளைகளுள் பத்தில் ஒன்பது பேரளவில் இன்று பிழைக்கிறார்கள்.

தவிடு பேசிய வைத்தியர்

1966 இல் பேர்க்கிற் குடும்பத்தோடு உகண்டாவை விட்டு இலண்டனுக்குத் திரும்பினார். புகழோடு ஓய்ந்திருக்கலாம். அவரோ இன்னொரு கேள்வியைத் தூக்கிக்கொண்டார். இங்கிலாந்தில் வைத்தியசாலைக் கட்டில்களை நிரப்பும் நோய்களுள் பலவற்றை, குடல்வால் அழற்சி, மூலம், பித்தப்பைக் கல், பெருங்குடற் புற்று ஆகியவற்றை, ஆபிரிக்கக் கிராமத்தவரிடம் இருபது ஆண்டுகளில் அவர் மிக அரிதாகவே கண்டிருந்தார். ஏன்? கடற்படை வைத்தியர் பீற்றர் கிளீவ் என்பவர் தீட்டிய மாவையும் சீனியையும் குறைகூறி எழுதியவற்றை 1967 இல் அறிந்தபோது அவருக்கு ஒரு வழி தெரிந்தது. மீண்டும் மிசன் வைத்தியசாலைகளுக்குக் கடிதங்கள். மீண்டும் மறுமொழிகள்.

தோழர்களோடு சேர்ந்து அவர் செய்த ஒரு சோதனை பலரைச் சிரிக்க வைத்தது. சிறு குளிகைகளை விழுங்கச் செய்து, அவை வெளியேற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார்கள். மலத்தை நிறுத்தார்கள். உகண்டாக் கிராமத்தவருக்கு ஏறத்தாழ 36 மணி நேரம், நாளொன்றுக்கு 400 கிராமுக்கு மேல். பிரித்தானியக் கடற்படையினருக்கு 80 மணிக்கு மேல், நிறையோ 100 கிராம் அளவில். 1972 இல் இது வெளியாயிற்று. தீட்டிய உணவில் நாரில்லை, நாரில்லாவிடில் குடல் தேங்குகிறது, தேங்கும் குடலில் நோய் பிறக்கிறது என்பது அவர் வாதம். நாகரிகமானவர்கள் பேசக் கூசும் பொருளைப் பெரிய சபைகளிற் படம் காட்டிப் பேசினார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நிலத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம், முதலிற் குழாயைப் பூட்டுங்கள் என்பதே அவர் சென்ற இடமெல்லாம் சொன்ன பாடம்.

அவர் சொன்னது முழுவதும் சரியா? நீங்கள் உண்மையை அறிய வேண்டும். 1999 இல் அமெரிக்கத் தாதிகளிடையே நடந்த பெரிய ஆய்வு, நார் உணவாற் பெருங்குடற் புற்றுக் குறைவதாகக் காணவில்லை. 2003 இல் ஐரோப்பாவின் பத்து நாடுகளில் ஐந்து இலட்சம் பேருக்கு மேல் சேர்ந்த ஆய்வு, நார் மிகுதியாக உண்போருக்கு அந்நோய் குறைவு என்று கண்டது. இன்று அறிஞர் பலரும் தவிடு நீக்காத தானியம் நன்மை தரும் என்றே கொள்கிறார்கள். ஆனால் அது ஒன்றே காரணம் அல்ல, சில நோய்களில் அவர் எண்ணிய அளவு தொடர்பும் இல்லை. இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நார் பற்றி அவர் சொன்னது சாதாரண பெருங்குடற் புற்றைப் பற்றி. தம் பெயர் தாங்கிய லிம்போமாவைத் தவிட்டாற் தடுக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. ஒரே உறுப்பு, இரு வேறு நோய். ஆனாலும் வீட்டிற் குரக்கன் மாவும் தீட்டாத அரிசியும் கீரையும் பயறும் இருக்க, வெள்ளைப் பாணை மாத்திரம் நாடுவோருக்கு அவர் வாழ்வு ஒரு நினைவூட்டலாக இருக்கட்டும்.

விளக்கு அணைந்தது

விருதுகள் வந்தன. 1972 இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். அதே ஆண்டு அமெரிக்காவின் லாஸ்கர் விருதும் கிடைத்தது. அவர் எளிமையாகவே வாழ்ந்தார். நோய்க்குத் தம் பெயரைச் சூட்டியவர்கள் மற்றவர்கள். தம்மோடு உழைத்தவர்களின் பங்கை எப்போதும் முன்வைத்துப் பேசுவார். நாள்தோறும் காலையில் வேதாகமத்தோடும் செபத்தோடும் எழுந்தவர். மனைவியையும் மூன்று புதல்வியரையும் விட்டு, 1993 மார்ச் 23 ஆம் திகதி, இங்கிலாந்தின் குளொஸ்டரில், தமது 82 ஆவது வயதில் காலமானார்.

அவர் நமது கத்தோலிக்க திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் நோயுற்ற சிறுவர்களிடத்தில் ஆண்டவரைக் கண்ட சகோதரர். அவருடைய வேலை இன்னும் முடியவில்லை. இங்கிலாந்திற் பிழைக்கும் பிள்ளை, அதே நோயோடு ஆபிரிக்கக் கிராமத்திற் பிறந்தால் பல வேளைகளில் இறந்துவிடுகிறது. நோய் கண்டுபிடிக்கப்பட்டதும், மருந்து முதலிற் பலித்ததும் அந்த மண்ணிலேதான். இருந்தும் தாமதமாக வருவதாலும், வழிச்செலவுக்குப் பணமின்றிச் சிகிச்சையை இடையில் விடுவதாலும், மருந்து கிட்டாமையாலும் பிள்ளைகள் மடிகிறார்கள். இது இறைவன் வைத்த விதி அல்ல, மனிதர் தீர்க்கக்கூடிய குறை.

இன்றிரவு குடும்பச் செபமாலை சொல்லும்போது அந்தப் பிள்ளைகளை ஒரு மணியில் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஒரு குறையோடு வளரும் பிள்ளை இருந்தால், இந்த ஒற்றைக் கண் மனிதரின் கதையை அதற்குச் சொல்லுங்கள். நாளைக் காலை உங்கள் வாசலுக்கு நோயாளி ஒருவர் வந்தால், அவரைச் சற்று நின்று, முழுமையாகப் பாருங்கள்.